சித்ரா பௌர்ணமியன்று நாங்கள் ஆபீஸுக்குப் போன விதம்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கட்டட மேலாளர் அவள்தான்.

"மேடம், பைபாஸ் பக்கம் புதுசா ஆபீஸ் பில்டிங்குங்க வருது. அந்த மேனேஜருங்கல்லாம் உங்களை ஒரு நாள் பாக்கணும்னு கேக்கறாங்க. பார்க்கிங்கைப் பெருசாக்காமலே இத்தனை கம்பெனியை எப்படி வெச்சிருந்தீங்கன்னு சொல்லணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் என்னிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. "வரேன்னு சொல்லுடி" என்று சொல்லிவிட்டு, பேசப் போகிற அவசரத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயந்து அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொழில் கற்றது சென்னையில். ஒரு பெரிய அலுவலக வளாகத்தில் ரிசப்ஷனில் சேர்ந்தேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுப்பது, வாடகைதாரரின் கோபத்தை முகம் மாறாமல் கேட்டுக்கொள்வது என்று எல்லாம் அங்கே பழகியது. என் கணவருக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தபோது நானும் வந்தேன். போளூர் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு மேலாளர் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது.

ஐந்து கம்பெனிகள் அங்கே இருந்தன. கீழே இன்ஷூரன்ஸ் அலுவலகம், அதற்கு மேலே ஆடிட்டர், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, பேங்க் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம். மேல் இரண்டு மாடி முழுக்க ஒரே கம்பெனி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களுக்குக் குறியீடு போட்டுத் தரும் வேலை. அதன் கிளைத் தலைவர் பிரகாஷ். கட்டடத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் அவருடையவர்கள். அவர் கோபித்துக்கொண்டால் நாங்கள் எல்லோரும் ஓட வேண்டும்.

அவர் கோபம் பார்க்கிங்கில் ஆரம்பித்தது. காலையில் எங்கள் கேட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பைக், ஸ்கூட்டி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு வண்டியை எடுக்க ஆறு வண்டியை நகர்த்த வேண்டும். நிறுத்த இடமில்லாதவர்கள் ரோட்டோரம் விட, பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு நாள் பிரகாஷ் என் அறைக்கே வந்துவிட்டார். "பின்னாடி புங்க மரத்தை எல்லாம் எடுத்துட்டு சிமென்ட் போட்டுக் குடுங்க மேடம். இல்லன்னா நான் பைபாஸ் பக்கம் போயிடறேன். அங்க இடத்துக்குப் பஞ்சமே இல்ல."

மேல் இரண்டு மாடி காலியானால் செக்யூரிட்டி, துப்புரவு என்று பாதிப் பேருக்கு வேலை போய்விடும். மரங்கள் போனால் போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். கட்டட முதலாளிகளின் சார்பில் மாதம் ஒரு முறை வேலூரிலிருந்து வரும் கோதண்டராமன் சாரிடம் சொன்னேன்.

கோதண்டராமன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் லிஃப்டில் ஏற மாட்டார். கீழிருந்து மொட்டை மாடி வரை நடந்தே போவார். ஒவ்வொரு மாடியிலும் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பார். இறங்கி வந்து, செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் உட்காருவார். பேச்சு எல்லாம் அங்கேதான். 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"யாரைக் கேட்டீங்க?" என்றார் அன்றும்.

"பிரகாஷ் சாரே சொன்னாருங்க சார்."

"அவரு கார்ல வர்றவரு. பைக்ல வர்றவங்களைக் கேட்டீங்களா? எங்கேருந்து வர்றாங்க, ஏன் வண்டியில வர்றாங்கன்னு?"

கேட்கவில்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "மரத்தை எப்ப வேணா வெட்டிக்கலாம். முதல்ல கேட்டுட்டு வாங்க" என்று எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டார்.

எப்படிக் கேட்பது? கேள்விகளைத் தாளில் அச்சடித்து எல்லா மாடிக்கும் அனுப்பினேன். பாதி குப்பைக் கூடையில் கிடந்தது. அப்புறம்தான் யோசித்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் நின்றே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. லிஃப்ட் வாசல்! மாவட்ட வரைபடம் ஒன்றைப் பெரிதாக வாங்கி லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். தேரடித் தெருவுக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை வாங்கி வந்தேன். கம்பெனிக்கு ஒரு நிறம். 'உங்கள் வீடு எங்கேயோ அங்கே ஒன்று ஒட்டுங்கள்' என்று எழுதி வைத்தேன்.

முதல் நாள் பெண்கள் மட்டும் சிரித்துக்கொண்டே ஒட்டினார்கள். ஆண்கள் அட்டையைத் தொடவே வெட்கப்பட்டார்கள். ஆடிட்டர் அலுவலகப் பையன் ஒருவன் துணிந்து எடுத்து ஒட்டினான். அப்புறம் பாருங்கள், எல்லோருக்கும் கூச்சம் போய்விட்டது. லிஃப்ட் வந்து திறந்து மூடிக்கொண்டு போகும், இவர்கள் "நீ எந்த ஊரு? எங்க ஊருக்கு அடுத்த ஊரா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

வார முடிவில் எல்லோரும் போனபிறகு அந்த வரைபடத்துக்கு முன்னால் நான் தனியாக நின்றேன். திண்டிவனம் ரோட்டில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும், அதற்கு அப்புறமும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மணி கோத்த மாதிரி ஒரே வரிசை. ஐந்து கம்பெனி ஆட்களும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வண்டியில் தனித்தனியாக வந்துகொண்டிருந்தார்கள்! டவுனுக்குள்ளேயோ இன்னும் வேடிக்கை. நடந்தே வரக்கூடிய தூரத்தில் கொத்துக் கொத்தாக ஸ்டிக்கர். அவர்களும் பைக்கில்தான் வந்தார்கள். அங்கேயே நின்று கோதண்டராமன் சாருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"நல்லா இருக்குதே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

அடுத்த நாளே வேலையில் இறங்கினேன். வாசலுக்கு நேரே நிழலில் இருந்த கார் இடங்களைச் சைக்கிளுக்கு மாற்றினேன். கார்கள் பின்பக்கம் மரங்களுக்கு நடுவே போயின. பழைய சாமான் கிடந்த அறையைக் காலி செய்து, வேர்த்து வருபவர்கள் முகம் கழுவி உடை மாற்ற இடம் செய்தேன். கம்பெனித் தலைவர்களைக் கூட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆபீஸைத் திறக்காமல் கொஞ்சம் முன்பின்னாகத் திறக்கச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் ரோட்டுக்கு ஐந்து கம்பெனிக்கும் பொதுவாக ஒரு வேன் விடலாம் என்றேன்.

ஆடிட்டர் மோவாயைத் தடவினார். "எங்க பசங்க மத்தக் கம்பெனிக்காரங்களோட உக்காந்து வந்தா, எங்க விஷயமெல்லாம் வெளிய போயிடாதா?"

"பஸ்ஸுல வந்தா யாரோட சார் உக்காருவாங்க?" என்றேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "வேன் விடுங்க, நான் வேணாம்னு சொல்லலை. ஆனா மாசா மாசம் பௌர்ணமி வருது. கிரிவலத்துக்குக் கூட்டம் வந்து ரோட்டை அடைச்சா என் சீட்டுல பாதி காலியாக் கிடக்குது. உங்க வேன் போலீஸ் தடுப்பைத் தாண்டிப் பறக்குமா?" கொஞ்சம் நிறுத்தி, "சித்ரா பௌர்ணமி வருது. அன்னைக்குக் காலையில எங்க அமெரிக்க கிளையன்ட் வீடியோவுல எங்க டீமைப் பாக்கறாங்க. அன்னைக்கு என் ஆளுங்க சீட்டுல இருந்தா நான் பார்க்கிங்னு வாயைத் திறக்க மாட்டேன். இல்லன்னா கிளம்பிடுவேன்" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ!

வேன் ஓட்டச் சாதிக் பாய் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பழகியவர். ஹார்ன் அடிக்க மாட்டார், அவசரப்பட மாட்டார். ஆனால் வேன் காலியாகவே வந்து போனது. முதல் வாரம் நாலைந்து பேர். பாய் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டார். ஏன் ஏறவில்லை என்று கேட்டால் எல்லோரும், "அடுத்த மாசத்துலேருந்து பாக்கறோம் மேடம்" என்றார்கள்.

அப்போதுதான் தமிழரசி வந்தாள். பிரகாஷ் கம்பெனியில் ஒரு டீமுக்குத் தலைவி. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். வரைபடத்துக்கு முன்னால் நின்று, நகத்தால் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"நான் வேலையை விடறேன் மேடம். இது சும்மா எதுக்கு இருக்கணும்னு எடுக்கறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் நிறைந்திருந்தது. தினமும் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட அண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதாம். தனியாக வந்து போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"வேன் இருக்குதே!"

"அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு மேடம்."

ஞாயிற்றுக்கிழமை சாதிக் பாயின் வேனிலேயே அவள் ஊருக்குப் போனேன். அவள் அப்பா ஏழுமலை. வீட்டு வாசலில் கோரைப்பாயை விரித்து, பறித்த வேர்க்கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"பொண்ணு வேலைக்குப் போறது எனக்குப் பெருமைதாம்மா. அதுல ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். "வேன்ல யார் யாரு வருவாங்க?"

"எங்க பில்டிங் ஆளுங்கதாண்ணா. எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"சரி. நடுப்பகல்ல அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா எப்படி வரும்? வேலை ஜாஸ்தியாகி லேட்டாயிடுச்சி, வேன் போயிடுச்சி. அப்போ இன்னா பண்ணும்?"

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. 'அடுத்த மாசம் பாக்கறோம்' என்று நழுவிய அத்தனை பேருக்கும் இதே பயம்தான்! பைக் இருந்தால் நினைத்த நேரம் வீட்டுக்கு ஓடலாம். வேனை நம்பினால் மாட்டிக்கொள்வோம். நான் காலையில் வருவதை மட்டுமே யோசித்திருந்தேன்.

"வேனை விட்டுட்டா எங்க பில்டிங்கே ஆட்டோ வெச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து விடும்ணா. நடுவுல அவசரம்னாலும் அப்படித்தான். நான் பொறுப்பு." கோதண்டராமன் சாரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். "அப்படின்னா நாளைக்கு நானும் வேன்ல வரேன். பாக்கறேன்."

வந்தார்! வெள்ளை வேட்டி சட்டையில், மடியில் அவித்த மல்லாட்டை மூட்டையோடு, மகளுக்குப் பின் சீட்டில். அன்று முழுக்க எங்கள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். சாயங்காலம் அதே வேனில் திரும்பினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். வேனில் வந்தவர்களுக்கெல்லாம் கடலை. யார் எந்த ஊர், யார் மகன், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நாள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துப் பெண் ஒருத்திக்கு மதியம் காய்ச்சல் கண்டது. ஆட்டோ வரவழைத்து அனுப்பினோம். ஏழுமலை அண்ணா வாசல் வரைக்கும் வந்து, ஆட்டோக்காரரின் பேரும் ஊரும் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்.

அந்த வாரம்தான் கோதண்டராமன் சாரும் வந்தார். வழக்கம்போல மொட்டை மாடி வரை ஏறி இறங்கி, கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோ விஷயத்தைச் சொன்னேன்.

"யாரைக் கேட்டீங்க?"

"இவரைக் கேட்டேன் சார்" என்று பக்கத்தில் நின்ற ஏழுமலை அண்ணாவைக் காட்டினேன்.

கோதண்டராமன் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது என்னிடம், "ஆட்டோ இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஏழுமலை அண்ணா வரவில்லை. அவர் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வேறு பெண்கள் வந்தார்கள், பையன்கள் வந்தார்கள். ஊர் டீக்கடையில் அவர் எங்கள் வேனைப் பற்றிப் பேசாத நாள் இல்லையாம். ஒரு வேன் போதாமல் இரண்டாவது வேன் வந்தது. சாதிக் பாய் தன் மச்சானையே கூட்டிவந்தார். கேட்டில் வண்டிகளை நகர்த்தும் சத்தம் கம்மியாகிக்கொண்டே வந்தது. காலையில் செக்யூரிட்டி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டதை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன்.

ஆனால் சித்ரா பௌர்ணமி நெருங்கியது. வேன் ஊர் எல்லையில் போட்டிருக்கும் தற்காலிக பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும். அங்கிருந்து அக்கினி வெயிலில் கூட்டத்துக்குள் நீந்தி வந்தால் யார் நேரத்துக்கு வர முடியும்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. ஒரு சாயங்காலம் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வாடகைச் சைக்கிள் கடை ஒன்றில் சைக்கிள்களைச் சங்கிலி போட்டு வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தது. வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"வெள்ளைக்காரங்கல்லாம் வெயிலுக்கு ஊருக்குப் போயிட்டாங்கக்கா. இனிமே குளிர்காலத்துக்குத்தான் இதுக்கு வேலை" என்றார் கடைக்காரர்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது!

பௌர்ணமிக்கு முந்தின நாள், ரோடு அடைக்கும் முன்பே சாதிக் பாய், நான் வாடகைக்கு எடுத்த அந்தச் சைக்கிள்களை வேன் கூரையில் கட்டி, தடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபத்து வளாகத்தில் இறக்கிவிட்டார். விடிந்ததும் நான் அங்கே போய் நின்றேன். ரோடெல்லாம் ஜனம். வேன்கள் வந்தன. எல்லோரும் இறங்கிச் சைக்கிளைப் பார்த்ததும் ஒரே கூச்சல். ஓட்டத் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்தார்கள். தெரியாதவர்கள் கேரியரில் ஏறினார்கள். ஆடிட்டர் ஆபீஸ் பையன் பேங்க் கடன் ஆபீஸ் பையனை ஏற்றிக்கொண்டான். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்றில் ஏறினேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. இரண்டு மிதி ஆடியது, மூன்றாவதில் நேராகிவிட்டது.

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் வாயைப் பிளந்தார். "எங்கம்மா கூட்டமா? கிரிவலமா?"

"ஆபீஸுக்குங்க!" என்று பின்னால் இருந்து பத்துக் குரல் ஒன்றாகக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே தடுப்பை ஒதுக்கினார்.

அப்போதுதான் தடுப்புக்கு வெளியே ஒரு கார் தெரிந்தது. பக்கத்தில் பிரகாஷ். விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார். போலீஸ்காரர்கள் காரை உள்ளே விட மாட்டோம் என்றிருக்கிறார்கள். காதில் போன், முகமெல்லாம் வேர்வை. தமிழரசி அவருக்கு நேராகப் போய் பிரேக் போட்டாள்.

"உக்காருங்க சார். டைம் ஆச்சு."

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், தமிழரசியைப் பார்த்தார். காரை ஓரம் கட்டிவிட்டு வந்து, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருக்களில் புகுந்து போனோம். மணி அடித்துக்கொண்டு, வழி கேட்டுக்கொண்டு, கிரிவலம் போகிறவர்கள் ஒதுங்கி வேடிக்கை பார்க்க, ஐந்து கம்பெனியும் ஒரே ஊர்வலம்! பாதி வழியில் பிரகாஷ், "நிறுத்தும்மா, எனக்குக் கூச்சமா இருக்குது. நீ உக்காரு, நான் ஓட்டறேன்" என்று இடம் மாறிக்கொண்டார். கட்டட வாசலுக்கு வந்தபோது அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்தார்.

மேலே ஓடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஒரு சீட்கூடக் காலி இல்லை. முகம் கழுவிய ஈரத்தோடு எல்லோரும் திரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் பிரகாஷ் என் அறைக்கு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "மேடம், நாளைக்கும் அந்தச் சைக்கிள் இருக்குமா?"

"நாளைக்கு ரோடு திறந்துடும் சார். உங்க காரே வரும்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். மரங்கள் நின்றன. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சைக்கிள்கள் எல்லைக்குப் போயின. நான் ஓய்வு பெறும் வரைக்கும் அது நிற்கவில்லை, இப்போதும் ரேவதி நடத்துகிறாள்.

ஆனால் அன்று சாயங்காலம் வந்த போனைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வேனில் வீட்டுக்குப் போன தமிழரசி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எடுத்ததுமே ஏழுமலை அண்ணாவின் குரல், உண்மையாகவே கோபமாக:

"ஏம்மா, இவ்வளவு பேரைக் கூப்புட்டீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! எனக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும் இல்ல?"